முப்பத்தேழு குச்சிகள்

மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஓல்ஷங்கா ஊரார் தங்களுக்குள்ளேயே ஒரு பணக்காரக் குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு. எங்கே போவார்கள்? இருந்த இரண்டு பேரை, மாவு மில்காரனையும் தோல் வியாபாரியையும், ஜனவரியிலேயே பெண்டாட்டி பிள்ளைகளோடு சறுக்குவண்டியில் ஏற்றி வடக்கே குளிர்க்காட்டுக்கு அனுப்பியாயிற்று. மிச்சம் இருப்பதெல்லாம் முட்டைக்கோஸ் சூப்பில் உப்புப் போடவே யோசிக்கிற குடும்பங்கள். ஆனால் மாவட்ட ஆபீசில் உட்கார்ந்திருந்த எவனோ ஒரு புண்ணியவான், ‘ஓல்ஷங்கா: குலாக் குடும்பம் மூன்று’ என்று, அதாவது பணக்கார விவசாயிகள் மூன்று வீடு என்று, எழுதிவிட்டான். எழுதினது எழுதினதுதான். இரண்டு போனால் இன்னும் ஒன்று.

அந்த ஒன்றை வாங்கிப் போக வந்தவர் தோழர் ஷிலோவ். பென்ஸா நகரத்து ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், இருபத்தாறு வயதிருக்கும். பத்து நாளில் ஏழு ஊர் சுற்றிக் கத்தியதில் தொண்டை கட்டிக் காற்றுதான் வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து, “பேரு வேணும். குலாக்குன்னா யாருன்னு உங்களுக்கே தெரியும். நீங்க சொல்லலேன்னா நானே ரெண்டு பேரா எழுதிட்டுப் போவேன்” என்று அந்தக் காற்றாலேயே சொல்லிவிட்டு, ஊர் சோவியத் தலைவர் சவேலியின் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். வாசலில் காலிச் சறுக்குவண்டி ஒன்று நின்றது. அதில் வைக்கோல் கூடப் பரப்பி வைத்திருந்தார்கள். அந்த வைக்கோலைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

உஸ்தீன்யாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், கணப்பு அடுப்புப் பக்கம் போனாள், ஜன்னல் பனியை நகத்தால் சுரண்டினாள். நாற்பத்தைந்து வயது விதவைக்கு, ஒற்றை ஆட்டோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு, குலாக் பட்டியலைக் கண்டு என்ன பயம் என்று கேட்பீர்கள். பயம் அவளுக்காக இல்லை. அவள் மகள் லூஷா யெவ்சேய் வீட்டு மருமகள், ஏழு மாதக் கர்ப்பிணி. யெவ்சேயின் கொட்டிலில் குதிரை இரண்டு. ஊரிலேயே இரண்டு குதிரை உள்ள வீடு இப்போது அது ஒன்றுதான்.

“யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று பின்பெஞ்சில் ஒருவன் ஆரம்பித்தான். “ரெண்டு குதிரை யாரு வெச்சிருக்காங்களோ அவங்கதான்...”

“டேய், பேரச் சொல்லிப் பேசுடா!” என்று யெவ்சேய் எழுந்தார். “ரெண்டாவது குதிரைக்குப் பதினஞ்சு வயசு. ஒரு கண்ணு தெரியாது. நீ வந்து அது வாயில கை விட்டுப் பாரு, பல்லு இருக்கான்னு. போன கோடையில அதே குருட்டுக் குதிரையக் கேட்டு வந்து என் வாசல்ல நின்னியே, அப்ப நான் குலாக்காத் தெரியலியா?”

“உக்காருய்யா யெவ்சேய். யாரும் உன்னைச் சொல்லல” என்றார் சவேலி.

“சொல்லலியா? இவன் வாயில என்ன, கொழுக்கட்டையா?”

அப்போதுதான் ப்ரோகோர் எழுந்தான். ஊரிலேயே ஏழை அவன்தான். கூரையில் பனி, கூரைக்குள்ளும் பனி. மனைவி மாவ்ரா, வரிசையாக ஐந்து குழந்தைகள், ஒரு மெலிந்த மாடு. அவன் நினைத்திருந்தால் விரலை நீட்டி யெவ்சேயைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த முட்டாள், நல்லவன், அப்படிச் செய்யவில்லை.

“நான் யாரையும் கை காட்ட மாட்டேன்” என்றான். “இன்னிக்கு ஒருத்தனைக் காட்டிக் குடுத்துட்டு நாளைக்கு அவன் வீட்டுக் கெணத்துல தண்ணி மொள்ள என்னால முடியாது. நம்ம எப்பவும் எப்படிச் செய்வோம்? சீட்டு. அதையே செய்வோம்.”

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஓல்ஷங்காவில் எதற்கும் சீட்டுத்தான். ஜார் காலத்தில் எந்தத் துண்டு நிலம் யாருக்கு என்பதும் சீட்டு. பட்டாளத்துக்கு எந்தப் பையன் என்பதும் சீட்டு. உஸ்தீன்யாவின் புருஷனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். ஜப்பான்காரனோடு நடந்த சண்டையில், பிறந்த மகளைப் பார்க்காமலே அவன் செத்தான். ஜார் போய்ப் புரட்சி வந்து, பிரபுவின் நிலத்தை ஊருக்குப் பிரித்தபோதும் சீட்டுத்தான். வீட்டுக்கு ஒரு குச்சி, விரல் நீளம். அந்தந்த வீட்டு அடையாளத்தை அதில் கத்தியால் கீறியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஆட்டுத்தோல் குல்லாவில் போட்டுக் குலுக்கி, மேலே துணி மூடி, ஒரு கை உள்ளே போய் எடுக்கும்.

அந்தக் கை இருபத்து நாலு வருஷமாக உஸ்தீன்யாவின் கை. அது கௌரவத்தால் வந்ததில்லை, இல்லாமையால் வந்தது. ஜார் காலத்தில் ஆண் தலைக்குத்தான் நிலம். புருஷன் செத்தவளுக்கு, பெண் பிள்ளையை மட்டும் பெற்றவளுக்கு, நிலமும் இல்லை, குல்லாவுக்குள் குச்சியும் இல்லை. சொந்தக் குச்சி இல்லாத கை பொய் சொல்லாது என்று அவளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஊரார் நிலத்தையெல்லாம் அவள் கை எடுத்துக் கொடுத்தது. அவளுக்கு ஒரு சாண் இல்லை. பதினெட்டாம் வருஷம்தான், தின்கிற வாய்க்கெல்லாம் நிலம் என்று சட்டம் வந்து, முதல் முறையாக அவளுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அன்றைக்கு அவள் தன் குச்சியைத் தானே செதுக்கினாள். சந்தோஷத்தில் விரலையும் வெட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகும் எடுத்தது அவள் கைதான்; அவள் குச்சியை வெளியே வைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய துண்டை அவளுக்குக் கொடுப்பார்கள்.

இப்போது சவேலி பெட்டியைத் திறந்து குச்சிகளைக் குல்லாவில் கொட்டினார். முப்பத்தெட்டு.

“உஸ்தீன்யாக்கா, வாங்க.”

“என் குச்சியும் உள்ள கெடக்கே. நான் எப்படி எடுக்கறது?”

“அதுக்கென்ன, உங்களோடத எடுத்து வெளிய வெச்சிடறேன். எடுக்கற கைக்கு உள்ள குச்சி இருக்கக் கூடாது. முறை அதானே?”

“வேற யாராவது எடுங்களேன்.”

“யாரு எடுப்பா?” என்று சவேலி எரிந்து விழுந்தார். “மணி பதினொண்ணாவுது. உங்க கைன்னா ஊரு நம்பும்.”

அவள் மகளைப் பார்த்தாள். லூஷா சுவரோரமாக வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றாள். மாமனார் பக்கத்தில்தான் நின்றாள். ஆனால் கண் முழுக்க அம்மாமேல். சிறு வயதில் காய்ச்சல் வந்தபோது பார்ப்பாளே, அதே பார்வை. ‘நீ இருக்கேல்ல’ என்கிற பார்வை.

கையுறையைக் கழற்றினாள். முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். துணிக்கடியில் கையை விட்டாள்.

முப்பத்தேழில் முப்பத்தாறு பிர்ச் மரக் குச்சி, லேசாக, வழவழவென்று இருக்கும். யெவ்சேயின் தாத்தா மட்டும் வீம்புக்கு ஓக் மரத்தில் செய்து வைத்தார். அது கனம், சொரசொரப்பு, ஒரு முனை உடைந்தது. இத்தனை வருஷத்தில் அது எத்தனையோ முறை அவள் விரலில் பட்டிருக்கிறது. பட்டதை எடுப்பாள், கொடுப்பாள், அவ்வளவுதான். எது வருகிறதோ அதுதான் சீட்டு.

இன்றைக்கும் அதுதான் வந்தது. கையை விட்டதும் முதலில் வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது அந்த ஓக் குச்சிதான், உடைந்த முனையோடு. இப்படியும் ஒரு அநியாயம் உண்டா! முப்பத்தாறு இருக்க, அது ஏன் வர வேண்டும்?

அவள் அதைப் பிடித்தாள். விட்டாள். வேறொன்றை எடுத்தாள்.

எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரம். சவேலி குச்சியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “ப்ரோகோர்” என்றார், இருமல் வந்தவர் போலத் தொண்டைக்குள்ளேயே.

முப்பத்தாறு வீட்டாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டது. வெட்கங்கெட்ட சத்தம். அப்புறம்தான் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ப்ரோகோர் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “சரி” என்றான். “நான்தானே சீட்டுன்னு சொன்னேன். சரி.”

“உன்னை எப்படிப்பா குலாக்குன்னு எழுதறது?” என்றார் சவேலி, அழாத குறையாக. “உன் வீட்டுல எலியே அடுத்த வீட்டுலதான் சாப்பிடுது.”

“எழுதினாக் காகிதம் தாங்கும் தலைவரே. எழுதுங்க.”

லூஷா ஓடி வந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். “தப்பிச்சோம்மா” என்று காதில் சொன்னாள். உஸ்தீன்யா அவளை விலக்கிவிட்டு வெளியே போனாள். உள்ளே நிற்க முடியவில்லை. தெருவில் கிணறு வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி கிணறு வரை நடந்தாள். பனி கணுக்காலுக்கு மேல் ஏறியது. ‘நான் தாய். எந்தத் தாயும் அதைத்தான் செய்வா’ என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல, மாவ்ராவும் தாய்தானே என்று வந்து நின்றது. ஐந்து குழந்தைகள். போன இரண்டு குடும்பத்திலிருந்து ஒரே ஒரு கடுதாசி வந்திருந்தது. அதில் குழந்தைகளின் பேர் இல்லை.

கால் அவளை மாவ்ராவின் வீட்டுக்கே இழுத்துப் போனது. மாவ்ரா கத்தவில்லை, மாரடித்துக்கொள்ளவில்லை. தரையில் விரிப்பைப் போட்டு, கம்பு ரொட்டி, சட்டி, பாவாடை என்று கையில் பட்டதைப் போட்டு முடிந்துகொண்டிருந்தாள். சின்னவன் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“வந்தியாக்கா” என்றாள் மாவ்ரா. “நீயே வந்ததும் நல்லதாப் போச்சு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன். இத மனசுல வெச்சுக்காதே. உன் கைமேல குத்தம் இல்ல. வேற எவ கை எடுத்திருந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ராத்திரி பகல் அவளைச் சபிச்சிருப்பேன். உன் கைன்னதால, சரி, கடவுள் விட்ட வழின்னு இருக்கேன்.”

உஸ்தீன்யா வாயைத் திறந்தாள். ‘இல்லடி, கடவுள் வேற வீட்டைத்தான் காட்டினாரு’ என்று சொன்னால் லூஷா போவாள், வயிற்றுப் பிள்ளையோடு. சொல்லாவிட்டால் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிற இவன் போவான். இரண்டில் எதையும் அவளால் விழுங்க முடியவில்லை. சின்னவன் அவளைப் பார்த்துச் சிரித்து, எச்சில் ரொட்டியை நீட்டினான்.

“மூட்டைய அவுத்துடு” என்றாள் உஸ்தீன்யா.

“என்னக்கா?”

“அவுத்துடுங்கறேன்! எவ சொன்னா உன்னைக் கட்டச் சொல்லி?”

பள்ளிக்கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது ஷிலோவ் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து, மைக்கூட்டை அடுப்பருகே காட்டிச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் எழுதவில்லை. ஊரார் அப்படியே இருந்தார்கள். வண்டி போகும்வரை யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை.

“சீட்டு செல்லாது” என்றாள் உஸ்தீன்யா, கதவைக்கூடச் சாத்தாமல்.

சவேலிக்கு முகம் வெளுத்தது. “என்ன சொல்றீங்கக்கா?”

“முப்பத்தெட்டு வீட்டுல முப்பத்தேழு குச்சிதான் உள்ள இருந்துச்சு. ஒரு வீடு விட்டுப் போன சீட்டு எந்தக் காலத்துல செல்லும்? அப்பல்லாம் எனக்கு நிலம் இல்ல, குச்சி இல்ல, எடுத்தேன். இப்ப நானும் ஒரு வீடு. பதினெட்டாம் வருஷத்துல நீங்கதான் குடுத்தீங்க. அப்புறம் என்னை மட்டும் எப்படி வெளிய வெப்பீங்க?”

“அப்ப மறுபடி எடுக்கணுமா?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், கிலி பிடித்துப்போய்.

மறுபடியும் எடுப்பதா! அத்தனை முகத்திலும் அது தெரிந்தது. ஒரு முறை தப்பியவனுக்கு இரண்டாம் முறை குல்லாவைப் பார்க்கத் தைரியம் இருக்குமா? உஸ்தீன்யா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

“எடுக்க வேணாம். யாரும் பயந்து சாக வேணாம். என்னை எழுதுங்க.”

யாருமே ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. லூஷா மட்டும் “அம்மா!” என்று கத்தினாள். அவள் புருஷன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஷிலோவ் நிமிர்ந்து பார்த்தார். “என்ன விளையாடுறீங்களா? எனக்குக் குடும்பம் வேணும். இந்தம்மா ஒரு ஆளு. இவங்ககிட்ட என்ன சொத்து இருக்குன்னு நான் எழுதறது?”

“நெலப் பதிவுல தனிக் குடும்பம்னுதான் இருக்கு தோழர்” என்றார் சவேலி அவசரமாக. “காட்டறேன்.”

“சொத்து?”

பிறகு, கேளுங்கள், ஊர் வாயைத் திறந்தது. ஒருவன் எழுந்து, “போன வருஷம் இந்தம்மாவோட உருளைக்கிழங்கை நான் தோண்டிக் குடுத்தேன். கூலியாளு வெச்சாங்க, அதானே குலாக்கு?” என்றான். கூலியாக, ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்த குவாஸ் பானம் இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்ததை அவன் சொல்லவில்லை. இன்னொருத்தி, “ஆட்டுப் பாலை வித்தா. நானே வாங்கியிருக்கேன்” என்றாள். ஒருவர் அவளுக்குத் தேன்கூடு இரண்டு உண்டென்றார். வேறொருவர் அதை நான்காக்கினார். இத்தனை வருஷம் அவளுக்கு ஒரு பிடி மாவு கடன் கொடுக்க யோசித்தவர்கள் அன்றைக்குக் காலையில் போட்டி போட்டுக்கொண்டு அவளைப் பணக்காரி ஆக்கினார்கள். சிலர் சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், ஆனால் சொன்னார்கள்.

ஷிலோவ் பேனாவை நனைக்கவில்லை. “ஆடு, தேன்! இத வெச்சு நான் மாவட்டத்துல என்ன பதில் சொல்றது? குதிரை இருக்கா, இல்லியா?”

யெவ்சேய் எழுந்தார். உஸ்தீன்யாவின் கை குல்லாவுக்குள் ஒரு நொடி நின்றதை அவர் பார்த்திருக்க வேண்டும். நிலப் பங்கீட்டுக் கூட்டங்களில் முப்பது வருஷமாக முன்பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் குல்லாவையே வெறித்தவர் ஆயிற்றே.

“இருக்கு” என்றார். “என் கொட்டில்ல நிக்கற செவலை அவங்களோடது. எடம் இல்லேன்னு என்கிட்ட விட்டு வெச்சிருக்காங்க. என்னோடது அந்தக் குருட்டுக் குதிரை ஒண்ணுதான்.”

செவலை இளங்குதிரை, ஊரிலேயே நல்ல குதிரை. அதை இழந்து அவர் பிழைத்தார் என்பதும் உண்மை. அதைச் சொல்லும்போது அவர் உதடு கோணிக்கொண்டது என்பதும் உண்மை. நன்றியா, சாமர்த்தியமா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் அன்றைக்கு நேரமில்லை.

உஸ்தீன்யா சம்பந்தியை ஏற இறங்கப் பார்த்தாள். “அடப்பாவி மனுஷா! அத்தனை நல்ல குதிரை என்னோடதுன்னு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? வருஷா வருஷம் மண்வெட்டியால கொத்தி என் இடுப்பு ஒடிஞ்சுதே. ஒரு உழவுக்காவது கேட்டிருப்பேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்தது, அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழிய. யெவ்சேய் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் குல்லாவால் மூடிக்கொண்டார். ஷிலோவ் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, என்ன புரிய வேண்டாம் என்று நினைத்தாரோ, ‘குதிரை ஒன்று’ என்று எழுதினார்.

செவலையையே வண்டியில் பூட்டினார்கள். மாவ்ரா தன் மூட்டையை அவிழ்க்காமல் அப்படியே தூக்கி வந்து வண்டியில் போட்டாள். குழந்தைகளுக்குக் கட்டியது, ரொட்டி, சட்டி எல்லாம். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கம்பத்தைப் பிடித்தபடி தேம்பினாள்.

லூஷா வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். “ஏம்மா? நீதான் வெளிய இருந்தியே. சீட்டு முடிஞ்சு போச்சே. உனக்கு என்ன தலையெழுத்தும்மா? என்னை நெனச்சுப் பாத்தியா நீ?”

வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் உஸ்தீன்யா நினைத்திருந்தாள். ஆனால் அந்தக் கேள்வியோடு மகளை விட்டுப் போக அவளால் முடியவில்லை. லூஷாவின் தலையை இழுத்துத் தன் வாயருகே வைத்துக்கொண்டாள்.

“உன் வீட்டுக் குச்சிதான்டி முதல்ல வந்துச்சு. கையில புடிச்சேன். விட்டுட்டேன்.”

லூஷா நடப்பதை நிறுத்தினாள்.

“மாவ்ராகிட்டச் சொல்லாதே. எப்பவும் சொல்லாதே. ஆனா நீ மறக்காதே” என்றாள் உஸ்தீன்யா, இன்னும் கொஞ்சம் உரக்க, வண்டி நகர்ந்துகொண்டிருந்ததால்.

ஷிலோவ் கடிவாளத்தைச் சுண்டினார். செவலை நல்ல வேகம். கிணறு தாண்டி, கடைசி வேலி தாண்டி மேட்டில் ஏறும்போது உஸ்தீன்யா திரும்பிப் பார்த்தாள். லூஷா நின்ற இடத்தில் இல்லை. பள்ளிக்கூட வாசலுக்குத் திரும்பிப் போய், மாவ்ராவின் இடுப்பிலிருந்து அந்தச் சின்னவனை வாங்கித் தன் பெரிய வயிற்றின்மேல் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.